காவோ திருப்பத்தில் வண்டி நிற்காது

கன்னி மரியாள் திருநாள் கழிந்த நாலாம் நாள், மதியக் கப்பலில் கல்யாண விருந்தாளிகள் வந்து இறங்கினார்கள். எல்லாரும் ஹாலந்துக்காரர்கள். எல்லாரும் நெட்டை. அர்கிரோ தன் சிற்றுந்தின் பின்கதவைத் திறந்து பெட்டிகளைத் தானே தூக்கி அடுக்கினாள். உதவிக்கு வந்த பெரியவரைக் கையால் ஒதுக்கினாள்.

"இடுப்பு பிடிச்சுக்கும். அப்புறம் கல்யாணத்துல ஆட ஆள் இருக்காது."

அவருக்குப் புரியவில்லை. சிரித்தார். மணப்பெண்ணின் மாமா அவர், பெயர் டிர்க்.

மணப்பெண் அன்னலீஸ் ஒரு வாரம் முன்பே வந்துவிட்டாள். கிரேக்கம் படித்திருந்தாள். ஓடைக்குள் கல் பார்த்துக் கால் வைப்பதுபோல் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினாள்.

"அர்கிரோ அம்மா, நாளைக்கு மடம். வியாழக்கிழமை படகுல குகை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கலங்கரை விளக்கம். போற வழியில காவோ திருப்பம். சூரியன் கடல்ல விழுறது அங்கதான் நல்லா தெரியுமாம். ஒரு குட்டிக் கோயில் வேற இருக்கு. எல்லாரும் படம் எடுக்கணும்."

அர்கிரோ தலையசைத்தாள். அது ஆமாம் என்பதா இல்லையா என்று அன்னலீஸுக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளையின் தாய் மரூசா இதைத் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். விருந்தாளிகள் ஏறி உட்கார்ந்ததும் அர்கிரோவின் முழங்கையைப் பிடித்துச் சீட்டு விற்கும் அறைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"காவோவுல நிறுத்தாத."

"நிறுத்த மாட்டேன்."

அவ்வளவு சீக்கிரம் சம்மதம் வரும் என்று மரூசா நினைக்கவில்லை. சண்டைக்கு எடுத்து வைத்திருந்த சொற்களை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

"அந்தப் பொண்ணுக்குத் தெரியாது, அர்கிரோ. யாகூமி இன்னும் சொல்லல. கல்யாணம் ஆகட்டும், சொல்லிடுவான்."

"நானும் சொல்ல மாட்டேன். அது என் வேலை இல்ல."

"நீ நல்லவடீ."

"நல்லவ ஒண்ணும் இல்ல. ஊரான் வந்து என் பிள்ளை முன்னாடி பல்லைக் காட்டிப் படம் எடுக்க நான் வண்டி ஓட்டல. ஆனா உனக்கு ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. உன் மகன் தலையில மணமுடி ஏறதுக்கு முன்னாடி ஒரு தடவை அங்க வந்து நிக்கணும். தன் காலால வரணும். வந்து பாண்டெலியைக் கூப்பிடணும்."

"அவனால முடியாதுடீ."

"சனிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு."

அர்கிரோ போய் வண்டியைக் கிளப்பினாள்.

காவோ திருப்பத்தில் ஓர் இரும்புத் தூணின் மேல் கோயில் வடிவில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. முகப்பில் சின்னக் கண்ணாடிக் கதவு. உள்ளே ஒரு புனிதர் படம், எண்ணெய் விளக்கு, பாண்டெலிஸின் புகைப்படம். ஒன்பது வருடத்துக்கு முன் இரண்டு பையன்கள் ஒரே மோட்டார் சைக்கிளில் அந்தத் திருப்பத்துக்கு வந்தார்கள். ஓட்டியவன் யாகூமிஸ். அவனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த பாண்டெலிஸ் பாறைக்குக் கீழே கிடந்தான்.

சாலையில் சரளை கொட்டிக் கிடந்தது, யார் மேலும் குற்றமில்லை என்று நீதிமன்றம் சொன்னது. அர்கிரோவும் கூண்டில் ஏறி அதையேதான் சொன்னாள். அவள் கேட்பது மன்னிப்பு இல்லை. அது வேறு கணக்கு. அரை நிஜார் போட்ட வயதில் இரண்டு பேரும் அவள் சமையலறை மேசையில் ரொட்டி மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார்கள். யாருக்கு முதலில் கல்யாணம் ஆகிறதோ, மற்றவன் மாப்பிள்ளைத் தோழனாகப் பின்னால் நின்று மணமுடியை மாற்றி வைக்கவேண்டும். அர்கிரோதான் சாட்சி. ரொட்டியில் அழுக்குக் கை வைத்ததற்கு இரண்டு பேர் தலையிலும் குட்டினாள்.

அந்தத் தீவில் மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முன் தன் செத்தவர்களிடம் போய், வா என்று அழைக்கவேண்டும். யாகூமிஸ் தன் தாத்தாவைக் கல்லறையில் போய் அழைத்தான். சித்தியை அழைத்தான். காவோ பக்கம் மட்டும் வரவில்லை. துறைமுகத்திலிருந்து கோயிலுக்குப் போகத் தெற்குச் சாலைதான் சாலை. அவன் வந்த நாளிலிருந்து ஆடுகள் போகும் வடக்குச் சாலையில் சுற்றிக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை அர்கிரோ விருந்தாளிகளை மடத்துக்குக் கூட்டிப்போனாள். அரைக்கால் சட்டையோடு வந்த ஆண்களுக்கு வாசலில் துறவி பாவாடை கொடுத்தார். டிர்க்குக்கு ரோஜாப்பூ போட்டது கிடைத்தது. அவர் அதைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். துறவி சிரிக்கவில்லை. ஆனால் அவர் கிண்ணத்தில் மட்டும் ராக்கிச் சாராயம் கொஞ்சம் கூடுதலாக விழுந்தது.

திரும்பும் வழியில் டிர்க் முன்னால் வந்து உட்கார்ந்தார். சாலை ஓரத்துத் தகரப் பெட்டிகளைக் காட்டினார். இருவருக்கும் பொதுவாக இருந்த கொஞ்சம் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள்.

"தபால் பெட்டியா?"

"இல்ல."

"குருவிக் கூடு?"

"வீடு."

"யாருக்கு?"

"ஒண்ணு ஒருத்தருக்கு."

அவர் அதை யோசித்தார். காவோ வந்தது. கடல் திடீரென்று விரிந்தது. பின்னாலிருந்து ஓவென்று கத்தினார்கள். நிறுத்துங்கள், நிறுத்துங்கள் என்று ஒருவர் இருக்கையைத் தட்டினார். அர்கிரோ கியரை இறக்கினாள், திருப்பத்தில் திரும்பினாள், கியரை ஏற்றினாள்.

"இங்க வண்டி நிக்காது."

"ஏன்?"

"திருப்பம்."

அது உண்மைதான்.

சாயங்காலம் காபிக் கடையில் நிக்கிதாஸ் அவளுக்குக் காபி கொண்டுவந்து வைத்தான். கடைக்காரன் வாய் சும்மா இருந்தால் கடை நடக்காது.

"மாப்பிள்ளை இன்னைக்கும் வடக்காலதான் வந்தார். வாடகைக் காருக்கு அடியில பாதி மலை ஒட்டிட்டு வந்திருக்கு. ஆட்டுக்காரன் சொல்றான், எங்க கிடாவுக்கு அவர் முகம் பழகிப்போச்சு, பார்த்தா எழுந்து வழி விடுதுங்கறான்."

அர்கிரோ காபி குடித்தாள்.

"விட்டுடேன், அர்கிரோ. நிக்காத கப்பலுக்குக் கை காட்டி என்ன ஆகப்போகுது?"

"துறை இருந்தா கப்பல் நிக்கும்."

"அப்ப என்ன, ரோட்டுக்குக் குறுக்கப் படுக்கப் போறியா?"

"எனக்கு வண்டி இருக்கு. நான் எதுக்குப் படுக்கணும்? காபியில இன்னைக்குத் தண்ணி ஜாஸ்தி."

வியாழக்கிழமை விடியும்போதே காற்று ஓங்கிவிட்டது. படகு எதுவும் கிளம்பக் கூடாது என்று துறைமுக அலுவலகம் உத்தரவு போட்டது. குகை போயிற்று. அன்னலீஸ் விடுதி வாசலில் கூந்தலைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"எல்லாரும் எவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்காங்க. அறையில உக்காந்து என்ன பண்ணுவாங்க?"

"ஏறச் சொல்லு" என்றாள் அர்கிரோ. "தீவுல குகை மட்டுமா இருக்கு?"

பழைய பளிங்குச் சுரங்கத்துக்கு ஓட்டினாள். வெட்டி விட்ட குழிக்குள் காற்று இறங்காது. வெள்ளைச் சுவருக்கு நடுவே விருந்தாளிகள் நின்று தங்கள் குரல் திரும்பி வருவதைக் கேட்டார்கள். பிறகு அவளுடைய ஒன்றுவிட்ட அக்காவின் பட்டி. புதுப் பாலாடைக்கட்டி, தேன், தக்காளி. டிர்க் ஆடு கறக்க உட்கார்ந்தார். ஆடு எழுந்து போய்விட்டது.

"பரவாயில்ல" என்றாள் அக்கா. "என் புருஷனையும் இப்படித்தான் விட்டுட்டு எழுந்து போச்சு."

அன்னலீஸ் பாதி வழியிலேயே, வேலை இருக்கிறது என்று இறங்கிக்கொண்டாள். என்ன வேலை என்று சொல்லவில்லை.

எல்லாரையும் விடுதியில் விட்டுவிட்டு அர்கிரோ எண்ணெய்க் குப்பியோடு காவோவுக்குக் கிளம்பினாள். சாலை ஓரத்தில் முதல் தகரப் பெட்டியைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்தாள். அதன் தூணில் வெள்ளை வலைத்துணி முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. காற்றில் படபடத்தது. அடுத்ததிலும் இருந்தது. மீன்காரன் திமித்ரோஸுடையதில், பள்ளத்தில் விழுந்து பிழைத்த லாரிக்காரன் நன்றிக்காக வைத்ததில், எல்லாவற்றிலும்.

காவோவில் அன்னலீஸ் முட்டிபோட்டு உட்கார்ந்து முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வாடகை ஸ்கூட்டர். கூடையில் வலைத்துணிச் சுருள்.

"பாத்துட்டீங்களா!" என்றாள். "சனிக்கிழமை யாருக்கும் வழி தப்பாது. வெள்ளைத் துணியைப் பாத்துட்டே வந்தா கோயில் வந்துடும். அழகா இருக்குல்ல?"

அர்கிரோ குப்பியைத் தரையில் வைத்தாள். பிய்த்து எறியக் கை எழுந்தது. துணியைத் தொட்டது. அப்படியே நின்றது.

அதே துணி. கல்யாணம் ஆகாமல் போன பிள்ளையை அந்தத் தீவில் மாப்பிள்ளையாகத்தான் வழியனுப்புவார்கள். தலையில் மணமுடி வைப்பார்கள். வந்தவர்களுக்குச் சர்க்கரைப் பாதாம் கொடுப்பார்கள். சவப்பெட்டிக்கு வெள்ளை வலை கட்டுவார்கள். ஒன்பது வருடத்துக்கு முன் அதைக் கட்டியது அவள் கைதான். துறைமுகத்துத் துணிக்கடையில் அவளுக்கு அளந்து கொடுத்த அதே பெண்தான் இவளுக்கும் அளந்து கொடுத்திருப்பாள்.

கையை எடுத்தாள். கண்ணாடிக் கதவைத் திறந்தாள். கருகிய திரியை எடுத்துப் போட்டாள். கண்ணாடிக் கிண்ணத்தைப் பாவாடை நுனியால் துடைத்தாள். எண்ணெய் ஊற்றினாள். புதுத் திரியை மிதக்க விட்டாள்.

அன்னலீஸ் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் புகைப்படம் அவள் கண்ணில் பட்டது.

"இது யாரு?"

"என் மகன்."

அன்னலீஸ் இரண்டு கையாலும் முடிச்சைப் பிடித்தாள்.

"எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. அவிழ்த்துடறேன்."

"விடு."

"எல்லாத்தையும் அவிழ்த்துடறேன். இப்பவே போயி…"

"விடும்மா. இருக்கட்டும். கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு நாங்க இப்படித்தான் கட்டுவோம். மத்தவங்களுது என்னமோ, அதை அவங்கவங்க வீட்டுல கேளு. இது இருக்கட்டும்."

அர்கிரோ தீக்குச்சி கிழித்தாள். காற்று அணைத்தது. இன்னொன்று கிழித்தாள். அதையும் அணைத்தது. அன்னலீஸ் வந்து காற்றுக்கு முதுகு காட்டி நின்றாள். அடுத்த குச்சி பிடித்துக்கொண்டது.

"பேரு?"

"பாண்டெலிஸ்."

"யாகூமிக்கு இவரைத் தெரியுமா?"

அர்கிரோ கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். கொக்கியை மாட்டினாள்.

"அதை அவன்கிட்ட கேளு."

அன்னலீஸ் புகைப்படத்தைப் பார்த்தாள். சாலையைப் பார்த்தாள். சாலை வந்து வளையும் இடத்தையும் அதற்குக் கீழே பாறையையும் பார்த்தாள்.

"வடக்குச் சாலை" என்றாள். அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

அர்கிரோ குப்பிக்கு மூடி போட்டாள்.

"நான் கேக்கறேன்" என்றாள் அன்னலீஸ். "கேட்டுட்டு, கையோட கூட்டிட்டு வரேன்."

"கேளு. ஆனா கூட்டிட்டு வராத. கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தா அது வந்ததுல சேராது."

வெள்ளிக்கிழமை காலையில் காற்று இறங்கியிருந்தது. அர்கிரோ விடுதி முற்றத்தில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். மரூசா வீட்டுச் செருப்போடு ஓடி வந்தாள்.

"என்னடீ சொன்ன அவகிட்ட?"

"பேரு சொன்னேன். என் பிள்ளைக்குப் பேரு இருக்கு."

"ராத்திரி அவன் எல்லாத்தையும் சொல்லிட்டானாம். சொல்லிட்டு சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்தவன் இன்னும் எழுந்திரிக்கல. அவ எங்க வீட்டு முற்றத்துல உக்காந்திருக்கா, ஒரு வாய் காபி குடிக்கல. நாளைக்குக் கல்யாணம்! ஏழு ஆடு அறுத்தாச்சு. கெடுக்கணும்னே நிக்கறியா?"

அர்கிரோ குழாயை மூடினாள்.

"கெடுக்கறதா இருந்தா ஒன்பது வருஷத்துல எனக்கு வழி தெரியாமலா போச்சு? மரூசா, நல்லா கேளு. நிறுத்த மாட்டேன்னு உன்கிட்ட சொன்னேன். அந்தப் பேச்சை இப்ப வாபஸ் வாங்கிக்கறேன். இன்னைக்குச் சாயங்காலம் கலங்கரை விளக்கத்துக்குக் காவோ வழியாத்தான் போவேன். நிறுத்துவேன். அவன்கிட்ட போய்ச் சொல்லு. ஒளிச்சு மறைச்சு இல்ல, உள்ளதைச் சொல்லு. வரலேன்னா வர வேண்டாம். நாளைக்குக் கோயிலுக்கு நான் வந்து மத்தவங்களை மாதிரி அரிசி போட்டுட்டுப் போறேன். வந்தா, எங்க போறோம்னு தெரிஞ்சு வரட்டும்."

"வண்டி முழுக்க ஆள் இருக்கும். அந்த வெளிநாட்டுக்காரங்க முன்னாடியா?"

"கல்யாணத்துக்குக் கூப்பிடறது ஊர் முன்னாடிதானே? காதுல வந்து ரகசியமாவா கூப்பிடுவாங்க?"

மரூசா முற்றத்து ஈரத்தில் நின்று தன் செருப்பைப் பார்த்தாள்.

"அவனுக்கு இன்னும் கனவு வருதுடீ" என்றாள் மெல்ல.

"எனக்கும்தான் வருது."

அர்கிரோ குழாயைத் திறந்து மீதிப் பக்கத்தையும் கழுவினாள்.

மதியம் தனியாகக் காவோவுக்குப் போனாள். கண்ணாடியைத் துடைத்தாள். எண்ணெய் நிரப்பினாள். புதுத் திரி போட்டாள். வெள்ளைத் துணியின் முடிச்சு நெகிழ்ந்திருந்தது, இறுக்கினாள். விளக்கை மட்டும் ஏற்றவில்லை. இத்தனை வருடத்தில் அதை ஏற்றாமல் அவள் அங்கிருந்து போன நாள் இல்லை. தீப்பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

வெயில் சாயும் நேரத்துக்கு விருந்தாளிகள் வண்டியில் ஏறினார்கள். நல்ல உடை, நல்ல செண்டு. டிர்க் தொப்பி போட்டிருந்தார். மரூசா முன் இருக்கையில் கைப்பையை மடியில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அன்னலீஸ் கடைசியில் வந்தாள். தனியாக வந்தாள். அர்கிரோவின் முகத்தைப் பார்த்தாள், நடு இருக்கைக்குப் போனாள். பக்கத்து இடத்தில் தன் சால்வையைப் போட்டு வைத்தாள்.

அர்கிரோ எஞ்சினைக் கிளப்பினாள். கண்ணாடியில் விடுதி வாசலைப் பார்த்தாள். ஆள் இல்லை. கதவை மூடும் பொத்தானில் விரல் வைத்தாள்.

"கொஞ்சம் இரு" என்றாள் மரூசா.

அவன் வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. சவரம் செய்திருந்தான், தாடையில் ஒரு வெட்டு. படியில் கால் வைத்தவன் அங்கேயே நின்றான்.

"அத்தை" என்றான்.

ஒன்பது வருடத்தில் அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

"ஏறு" என்றாள் அர்கிரோ. "தாடையில ரத்தம். துடைச்சுக்கோ."

அவன் சால்வையைத் தாண்டிப் போய்க் கடைசி இருக்கையில் உட்கார்ந்தான்.

ஊர் முடியும் இடத்தில் சாலை இரண்டாகப் பிரிகிறது. காபிக் கடை வாசலில் நிக்கிதாஸ் தட்டோடு நின்று எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று பார்த்தான். வண்டி தெற்கே திரும்பியது. அவன் தட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சிலுவைக் குறி போட்டான்.

விருந்தாளிகள் பாடிக்கொண்டு வந்தார்கள். வெள்ளைத் துணி கட்டிய பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. யாரும் அவற்றை அவிழ்த்திருக்கவில்லை. மீன்காரன் திமித்ரோஸின் மனைவி முடிச்சில் ஒரு கொத்துத் துளசி வேறு செருகியிருந்தாள். அர்கிரோ கண்ணாடியில் கடைசி இருக்கையைப் பார்த்தாள். அவன் முன் இருக்கையின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

கடல் விரிந்தது. சூரியன் அதன் மேல் நின்றது. அர்கிரோ கியரை இறக்கினாள். இன்னும் இறக்கினாள். வண்டியைச் சாலை ஓரம் ஒதுக்கி எஞ்சினை நிறுத்தினாள்.

ஓவென்று கைதட்டினார்கள். கடைசியில் நிறுத்திவிட்டாளே! கைபேசிகள் வெளியே வந்தன. பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். அன்னலீஸ் நடைவழியில் வந்து நின்று, அவர்கள் மொழியில் ஏதோ சொன்னாள். சின்ன வாக்கியம்தான். கைபேசிகள் உள்ளே போயின. ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். டிர்க் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அர்கிரோ முன்கதவைத் திறந்தாள். உப்பும் காட்டுப் புதினாவும் கலந்த காற்று உள்ளே வந்தது. அவள் எழுந்து நடைவழியில் நடந்தாள். மரூசா அவள் பாவாடையைத் தொட்டாள், பிடிக்கவில்லை. கடைசி இருக்கைக்கு முன்னால் வந்து அர்கிரோ நின்றாள். சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து அவன் கைகளுக்கு நடுவே, கம்பியின் மேல் வைத்தாள்.

"எண்ணெய் ஊத்தி வச்சுட்டேன், திரியும் போட்டாச்சு. நீ இறங்குறியா, யாகூமி?"